கேள்வி - பதில்: சிறைச்சுவரில் எழுதிய இளவரசி

போன இதழில், பிரெஞ்சுப் புரட்சியில் பிரான்ஸ் ராணி மேரி அன்டாய்னெட்டின் தலை போன கதையை எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராணியை விட்டுவிட்டு அவருடைய மகளைப் பற்றியே கேட்கின்றன. சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்க அந்தப் பெண்தான்.

கேள்வி: ராஜாவையும் ராணியையும் கில்லட்டினில் கொன்றாகிவிட்டது. பிள்ளைகள் என்ன ஆனார்கள்? நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?

மொத்தம் நான்கு பிள்ளைகள். கடைசிப் பெண் சோஃபி ஒரு வயது நிறைவதற்குள், 1787-இல் போய்விட்டாள். மூத்த பையன் லூயி ஜோசப்புக்கு முதுகெலும்பில் காசநோய். 1789 ஜூன் 4-ஆம் தேதி ஏழு வயதில் இறந்தான், பாஸ்டில் கோட்டை விழுந்து புரட்சி வெடிக்க அப்போது நாற்பதே நாள் இருந்தது. இளையவன் லூயி ஷார்ல் பத்து வயதில் சிறையிலேயே செத்தான். உயிரோடு வெளியே வந்தது மூத்தவள் மரி தெரேஸ் ஷார்லோத் மட்டும்தான்.

அவள் பிறந்ததே ஒரு கூத்து. 1770-இல் கல்யாணம், 1778 டிசம்பர் 19-இல்தான் முதல் குழந்தை, நடுவில் எட்டு வருஷம் ஊரே வாய்க்கு வந்ததைப் பேசித் தீர்த்திருந்தது. வெர்சாய் அரண்மனை வழக்கப்படி ராணியின் பிரசவத்தைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாம். குழந்தையை யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாது என்பதற்காகவாம். அன்றைக்கு அந்த அறையில் நிற்க இடமில்லாத கூட்டம், குளிருக்காக ஜன்னல்களை இறுக்க மூடி ஒட்டி வேறு வைத்திருந்தார்கள், காற்றில்லாமல் ராணி மயங்கிவிட, பதினாறாம் லூயி மன்னரே போய் ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் பிரசவ அறைக்குள் ஊரை விடும் வழக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

இத்தனைக்கும் பிறகு பிறந்தது பெண். பிரான்ஸில் சாலிக் சட்டம் என்று ஒன்று உண்டு, அதன்படி பெண் அரியணை ஏற முடியாது, அவள் வழியாக வாரிசுரிமையும் போகாது. அரண்மனை முகம் சுளித்தது. ராணியின் பணிப்பெண்ணாக இருந்த மேடம் காம்பான் பின்னால் எழுதிய நினைவுக் குறிப்புகளில், மேரி அன்டாய்னெட் குழந்தையைக் கையில் வாங்கி, மகனாக இருந்திருந்தால் நாட்டுக்குச் சொந்தம், நீ எனக்குத்தான் சொந்தம் என்ற பொருளில் பேசியதாகச் சொல்கிறார்.

ராணி ஊதாரி என்று பெயரெடுத்தவர், ஆனால் மகள் விஷயத்தில் கண்டிப்பு. கொடிய குளிர் அடித்த ஒரு வருஷம் புத்தாண்டுப் பரிசு நேரத்தில் பாரிஸிலிருந்து அருமையான பொம்மைகளை வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, இவற்றை வாங்கும் பணம் ஏழைகளுக்குப் போகப் போகிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இதுவும் காம்பான் சொன்னதுதான். நல்ல பாடம்தான், ஆனால் பொம்மையைக் கண்ணில் காட்டாமலே சொல்லியிருக்கலாம். மகள் எப்போதும் முகத்தை உம்மென்று வைத்திருப்பாளாம், அதைக் கிண்டல் செய்து வீட்டில் ஒரு பட்டப்பெயர்கூட இருந்தது.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு பாரிஸ் பெண்கள் வெர்சாய்க்கு நடந்தே வந்தார்கள், அரச குடும்பத்தைக் கையோடு பாரிஸுக்கு அழைத்துப்போய் துய்லரி அரண்மனையில் வைத்தார்கள். 1791 ஜூனில் குடும்பமே மாறுவேடத்தில் தப்பி ஓடப் பார்த்தது. பிள்ளைகளின் ஆயாவான மேடம் தூர்செல் ஒரு ரஷ்யச் சீமாட்டி, இளவரசி அந்தச் சீமாட்டியின் மகள், தம்பிக்கும் பாவாடை கட்டி இன்னொரு மகள், ராணி அந்தப் பிள்ளைகளின் ஆயா, மன்னர் வேலைக்காரர். வழியில் சாந்த் மெனூ என்ற ஊரில் அஞ்சல் குதிரை லாயம் வைத்திருந்த த்ரூயே என்பவன் மன்னரை அடையாளம் கண்டு, குதிரையில் முந்திப்போய் வரேன் என்ற ஊரில் மடக்கிவிட்டான். இந்த த்ரூயே பெயரை நினைவில் வையுங்கள், கதையில் திரும்ப வருவான். 1792 ஆகஸ்ட் 10-இல் துய்லரி தாக்கப்பட்டது, 13-ஆம் தேதி எல்லோரும் டெம்பிள் என்ற பழைய கோட்டையின் கோபுரத்தில் அடைக்கப்பட்டார்கள். அப்போது இளவரசிக்கு வயது பதின்மூன்று.

கேள்வி: தம்பியே அம்மாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னான் என்கிறார்களே, உண்மையா? அக்காவும் சொன்னாளா?

அவன் சொன்னான், அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த "சொன்னான்" என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

1793 ஜனவரி 21-இல் மன்னர் கொல்லப்பட்டார். முந்தின இரவு குடும்பத்தைப் பார்த்தவர், காலையில் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், வரவில்லை. ஜூலை 3-ஆம் தேதி இரவு காவலர்கள் வந்து எட்டு வயதுப் பையனைக் கேட்டார்கள். ராணி கட்டிலை மறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போராடியிருக்கிறார். கொடுக்காவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிடுவோம் என்ற பிறகுதான் கையை எடுத்தார். அழுதுகொண்டிருந்த பையனை எழுப்பி உடை மாட்டிவிட்டது அக்காவும் அத்தையும்தான். அத்தை என்றால் மன்னரின் தங்கை எலிசபெத்.

பையனை வேறு ஊருக்கு அழைத்துப்போய்விடவில்லை, ஒரு மாடி கீழே வைத்தார்கள். அந்தோன் சிமோன் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் ஒப்படைத்து, அரச வாசனை போக வளர்க்கச் சொன்னார்கள். பையன் புரட்சிப் பாட்டுகளை உரக்கப் பாடுவது மேலே இருந்த மூன்று பெண்களுக்கும் கேட்கும். அவன் கோபுர உச்சிக்குக் காற்று வாங்கப் போகும்போது சுவரிலிருந்த ஒரு சின்ன இடுக்கு வழியாக ஒரு கணம் தெரிவான், அந்த ஒரு கணத்துக்காக ராணி மணிக்கணக்கில் அங்கேயே நிற்பாராம். இதை எழுதி வைத்தது பக்கத்தில் நின்ற மகள்.

அப்படிப்பட்ட பையனிடம்தான் அக்டோபரில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அம்மாவும் அத்தையும் தன்னிடம் முறைகேடாக நடந்தார்கள் என்று அதில் இருந்தது. அதை உறுதிசெய்ய அக்காவைக் கீழே கூப்பிட்டார்கள். தம்பியைப் பார்த்ததும் அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறாள், அதுவே கடைசி. பிறகு மணிக்கணக்கில் விசாரணை. கேட்டதில் பாதி தனக்குப் புரியவே இல்லை, புரிந்தது அழுகையை வரவழைக்கும் அளவுக்குக் கேவலமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள். ஓவியர் ழாக் லூயி தாவீத் இருக்கிறாரே, புரட்சிக் காலத்தின் மாபெரும் கலைஞர் என்று இன்றும் கொண்டாடுகிறோமே, அவரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். பதினான்கு வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு. அவர் ஓவியங்களை நான் இப்போதும் ரசிக்கிறேன், ஆனால் இதைப் படித்த பிறகு பழைய மாதிரி முடிவதில்லை.

விசாரணை முடிந்ததும் அவள் அதிகாரி ஷோமெத்திடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: என்னை அம்மாவோடு சேர்த்து வையுங்கள். எனக்கு அதிகாரமில்லை என்றார் அவர். அம்மா அப்போது கோன்சியெர்ஜெரி சிறையில் உயிரோடு இருந்தார், இன்னும் எட்டு நாள் இருந்தது.

கேள்வி: அவளை மட்டும் ஏன் கொல்லவில்லை?

பெண் என்பதால். எந்தச் சாலிக் சட்டம் அவளைப் பிறந்த அன்றே ஒன்றுக்கும் உதவாதவள் ஆக்கியதோ, அதே சட்டம்தான் காப்பாற்றியது. அவளை வைத்து யாரும் ராஜாவாக முடியாது, ஆகவே அவள் உயிரோடு இருப்பதில் குடியரசுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. அத்தையும் பெண்தானே, அவரை ஏன் கொன்றார்கள் என்று உடனே கேட்பீர்கள். எலிசபெத் வயது வந்தவர், நாடு கடந்து ஓடிய அண்ணன்மார்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர், தப்பி ஓடிய வண்டியிலும் இருந்தவர், குற்றப்பத்திரிகை எழுத அது போதும். இவளோ சிறுமி. அதோடு இவள் அம்மா ஆஸ்திரியாவின் பெண், அங்கே பேரரசராக இருந்த இரண்டாம் பிரான்சிஸ் இவளுக்கு மாமன் மகன். கையில் வைத்திருந்தால் பேரம் பேச உதவும். பேசினார்கள்.

கேள்வி: சிறையில் தனியாக இருந்த காலத்தில் என்னதான் செய்துகொண்டிருந்தாள்?

ராணியை 1793 ஆகஸ்ட் 2-ஆம் தேதி விடியாத நேரத்தில் எழுப்பிக் கொண்டுபோனார்கள். மிஞ்சியது அத்தை. அந்த அத்தைக்கு நான் ஒரு கும்பிடு போடுவேன். தான் எப்படியும் போகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு, இந்தப் பெண் தனியாக இருந்தால் எப்படிப் பிழைப்பாள் என்று யோசித்து, தினமும் பழக்கினார்: உன் படுக்கையை நீயே போடு, அறையை நீயே பெருக்கு, வேலை இல்லாமல் உட்காராதே, அறைக்குள்ளேயே வேகமாக நட, காவலர்களோடு உன்னைத் தனியாக விட்டால் துணைக்கு ஒரு பெண் வேண்டுமென்று கேள். 1794 மே 9-ஆம் தேதி மாலை அவரையும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்துவிடுவேன் என்று மருமகளைச் சமாதானப்படுத்தினார். இல்லை, நீ மேலே வரப்போவதில்லை, தொப்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு என்றான் காவலன். மறுநாள் கில்லட்டின். அத்தைக்கு வயது 30.

அன்றிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு அவள் தன்னந்தனி. காலையில் எழுந்து அறையைப் பெருக்குவாள், காவலர்கள் சாப்பாடு கொண்டுவருவதற்குள் முடித்துவிடுவாள். படிக்கக் கொஞ்சம் பக்திப் புத்தகங்கள், ஒரு பயணநூல் தொகுப்பு. ஆயிரம் தடவை படித்தாயிற்று என்று எழுதுகிறாள். பின்னுவதற்குக் கொஞ்சம் நூல் இருந்தது, அது மகா அலுப்பு என்றும் எழுதுகிறாள், எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அந்த வரியில்தான். மெழுகுவத்தி இல்லாமல் இருட்டியதும் படுத்துவிட வேண்டியிருந்த காலம் உண்டு. பயங்கர ஆட்சியின் தலைவர் ரோபெஸ்பியர் விழுந்த பிறகு பாரா என்ற புதிய தலைவர் வந்து பார்த்து, லோரான் என்ற மரியாதை தெரிந்த காவலரை நியமித்தார், அதற்குப் பிறகு விளக்கு வந்தது.

ஆனால் இருட்டு, அலுப்பு, குளிர் இதெல்லாம் பெரிதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அத்தை எங்கே என்று கேட்டால், காற்று வாங்கப் போயிருக்கிறார் என்று பதில். தலை போய்விட்ட ஒருத்தியைப் பற்றி! அத்தைதான் இல்லை, அம்மாவிடமாவது விடுங்கள் என்று கேட்டால், பேசிப் பார்க்கிறோம் என்று பதில். அம்மா 1793 அக்டோபர் 16-ஆம் தேதியே போய்விட்டார், அவளுக்கோ 1795 கோடைகாலம் வரை தெரியாது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். இல்லாத அம்மாவைப் பார்க்க விடச் சொல்லி அத்தனை காலமும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அறைச் சுவரில் அவள் எழுதிய வரிகளைப் பின்னால் பார்த்தவர்கள் படியெடுத்து வைத்தார்கள், கோபுரத்தை நெப்போலியன் காலத்தில் இடித்துவிட்டதால் நல்லவேளை. மரி தெரேஸ் ஷார்லோத் உலகத்திலேயே மிகவும் பாவப்பட்டவள். ஆயிரம் முறை கேட்டும் அவளால் அம்மாவைப் பற்றி ஒரு செய்தி அறிய முடியவில்லை, அம்மாவோடு சேரவும் முடியவில்லை. நான் மிகவும் நேசிக்கும் என் நல்ல அம்மா வாழ்க. இவ்வளவுதான் விஷயம். "வாழ்க" என்று அவள் எழுதியபோது அம்மா உயிரோடு இருந்தாரா என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: அப்படியானால் யார்தான் சொன்னது? எப்படித் தாங்கினாள்?

1795 ஜூனில் மேடம் ஷாந்தரேன் என்ற பெண்மணியைத் துணைக்கு அனுப்பினார்கள். நடந்ததைச் சொல்லக் கூடாது என்று அவருக்கும் முதலில் கட்டுப்பாடு. பெண்ணோ அம்மா எங்கே, தம்பி எங்கே, அத்தை எங்கே என்று துளைக்கிறாள். ஒரு கட்டத்துக்கு மேல் அவரால் மறைக்க முடியாமல் ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அம்மாவுக்குக்கூட அவள் மனதின் ஒரு மூலையில் தயாராக இருந்திருக்கலாம், அத்தையும் என்றதும், எலிசபெத்துமா, அவர்மீது என்ன குற்றம் சொல்ல முடியும் என்று கதறினாளாம். தம்பி ஜூன் 8-ஆம் தேதிதான் இறந்திருந்தான், அவள் காலுக்குக் கீழே இருந்த மாடியில்.

அதற்குப் பிறகு கெடுபிடி தளர்ந்தது. கோட்டைத் தோட்டத்தில் உலாவ விட்டார்கள், ஒரு ஆடு, கோகோ என்று ஒரு நாய். சுற்றியிருந்த வீடுகளின் ஜன்னல்களில் பாரிஸ்காரர்கள் கூடி நின்று அவளை எட்டிப் பார்த்தார்கள், சிலர் அவள் காதில் விழும்படி பாட்டுப் பாடினார்கள். இரண்டு வருஷம் முன்பு இதே ஊர்தான். பேச ஆளில்லாமல் இருந்ததில் அவள் குரலே கரகரத்துப்போய், வாழ்நாள் முழுக்கச் சரியாகவில்லை என்று பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். தன் சிறை அனுபவத்தை அவள் எழுதத் தொடங்கியதும் அந்த மாதங்களில்தான். அழுகை, ஆவேசம் எதுவுமில்லாத எழுத்து, தேதி போட்டு இன்னார் வந்தார், இன்னது கேட்டார், இன்னது சொன்னேன் என்று போகும்.

கேள்வி: விடுதலை எப்படிக் கிடைத்தது?

பண்டமாற்று. 1795 டிசம்பர் 18 நள்ளிரவுக்குச் சற்று முன், பதினேழாவது பிறந்தநாள் தொடங்கப்போகிற நேரத்தில், உள்துறை அமைச்சர் பெனெசெக் தாமே வந்து அவளை ரகசியமாக வெளியே அழைத்துப்போனார். பொய்ப் பெயரில் பயணம். 26-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ஆஸ்திரியர்களிடம் ஒப்படைத்தார்கள். பிரெஞ்சு அரசு கொடுத்த புதுத் துணிமணிகளை அவள் வாங்க மறுத்துவிட்டாள். கோகோவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பதிலுக்கு ஆஸ்திரியா விடுவித்த பிரெஞ்சுக் கைதிகளின் பட்டியலைப் பார்த்தால், அதில் ஒரு பெயர் த்ரூயே. வரேனில் மடக்கினானே, அதே ஆள்தான். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி, 1793-இல் போர்முனையில் ஆஸ்திரியர்களிடம் சிக்கியிருந்தான். இதை ஒரு கதையில் எழுதினால் ரொம்ப நாடகத்தனமாக இருக்கிறது என்று ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கேள்வி: அவள் கல்யாணம் செய்துகொண்டது சித்தப்பா மகனையாமே! அண்ணன் முறை இல்லையா?

நம் கணக்கில் அண்ணன் முறையேதான். பதினாறாம் லூயியின் கடைசித் தம்பி ஆர்த்வா பிரபுவின் மகன், ஆங்கூலேம் கோமகன் லூயி அந்த்வான், இவளைவிட மூன்று வயது மூத்தவர். இன்னும் வேடிக்கை கேளுங்கள், வியன்னாவில் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை இளவரசர் கார்ல் அம்மாவின் அண்ணன் மகன், அதாவது அசல் முறைப்பையன். நம்மூர்ப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் முடித்து வைத்திருப்பார்கள், அவளோ முறைப்பையனை வேண்டாம் என்றுவிட்டு அண்ணனைக் கட்டினாள். ஐரோப்பிய அரச குடும்பங்களில் இரண்டும் ஒன்றுதான், போப்பாண்டவரின் அனுமதி இருந்தால் போதும்.

விளையாட்டை விடுவோம். ஆஸ்திரியா அவளைக் கட்டிவைக்க நினைத்தது அரசியல், நாடு கடந்து வாழ்ந்த சித்தப்பா பதினெட்டாம் லூயி தன் தம்பி மகனுக்கு அவளைக் கேட்டதும் அரசியல். ஊரே பரிதாபப்படும் அனாதைப் பெண் யார் பக்கம் இருக்கிறாளோ அந்தப் பக்கத்துக்கு மதிப்பு. உன் பெற்றோரின் ஆசை இதுதான் என்று சித்தப்பா சொன்னார், அதற்குமேல் அவளுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. 1799 ஜூன் 10-இல் மித்தாவ் என்ற ஊரில் கல்யாணம், இன்றைய லாட்வியாவில் இருக்கிறது, அன்று ரஷ்யாவின் கையில். மாப்பிள்ளை கூச்ச சுபாவம், நல்லவர், அவ்வளவுதான் சொல்ல முடியும். குழந்தை இல்லை.

கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில், 1801 ஜனவரியில், ரஷ்யப் பேரரசர் பாவெல் திடீரென்று எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். உறைபனியில், நடக்கவே சிரமப்படும் சித்தப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கைவசம் இருந்த வைரங்களை அடகு வைத்து, வார்சா போய்ச் சேர்ந்தார்கள். திரும்ப மித்தாவ், பிறகு இங்கிலாந்து. நெப்போலியன் விழுந்து, சித்தப்பா மன்னராகி, நாடு திரும்ப 1814 ஆகிவிட்டது.

கேள்வி: இருபது நிமிடம் மட்டும் ராணியாக இருந்தார் என்று ஒரு வினாடி வினாவில் படித்தேன். சரியா?

வினாடி வினாவுக்குச் சரி. 1830 புரட்சியின்போது, ஆகஸ்ட் 2-ஆம் தேதி, அப்போது மன்னராக இருந்த மாமனார் பத்தாம் ஷார்ல், அதாவது முன்பு சொன்ன ஆர்த்வா பிரபு, முடி துறந்து கையெழுத்திட்டார். அடுத்த வாரிசான இவர் கணவர் அதே தாளில் கையெழுத்திட ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனதாம், அந்த இடைவெளியில் இவர் ராணி என்று ஒரு கணக்கு. சட்டப்படி நிற்காது. அதைவிட 1815-ஐச் சொல்லுங்கள்: நாடு கடத்தி வைத்திருந்த எல்பா தீவிலிருந்து நெப்போலியன் திரும்பிவிட்டார், மன்னரே ஓட்டம் பிடிக்கிறார், இவரோ போர்தோ நகரில் படைமுகாம் படைமுகாமாகப் போய்ச் சிப்பாய்களைத் திரட்டப் பார்த்தார். பலிக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் இருக்கும் ஒரே ஆண்பிள்ளை இவர்தான் என்று நெப்போலியனே சொன்னதாகச் சொல்வார்கள். எதிரி வாயால் இப்படி ஒரு பாராட்டு!

கேள்வி: பட்டினியால் செத்த ஏழைகளை விட்டுவிட்டு ராஜா மகளுக்காக மூக்கைச் சிந்துகிறீர்களே, உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா?

ரொட்டி விலை ஏறியதும் ஏழைகள் மேல் வரி குவிந்ததும் பிரபுக்கள் பெரிய வரிகளிலிருந்து தப்பியதும் எல்லாம் உண்மை, புரட்சி வந்திருக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பயங்கர ஆட்சிக் காலத்தில் தீர்ப்பு எழுதிக் கொல்லப்பட்ட சுமார் 17,000 பேரில் பிரபுக்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, மற்றவர்கள் விவசாயிகள், தொழிலாளிகள், கடைக்காரர்கள், பாதிரிமார்கள். அவர்களுக்கும் மகள்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் சுவரில் எழுதியதை யாரும் படியெடுக்கவில்லை. அதனால் இவள் எழுதியதைப் படிக்கக் கூடாது என்று ஆகிவிடுமா? எட்டு வயதுப் பையனிடம் அப்படி ஒரு கையெழுத்து வாங்கியது எந்த ஏழையின் வயிற்றை நிறைத்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சிறையிலிருந்து வந்தது அசல் இளவரசி இல்லை, வேறு பெண்ணை மாற்றிவிட்டார்கள் என்று யூடியூபில் பார்த்தேன்.

நானும் பார்த்தேன், பின்னணி இசை நன்றாக இருந்தது. ஜெர்மனியில் ஹில்ட்பர்க்ஹவுசன் பக்கம், முகத்திரை விலக்காமல் ஒரு பெண் வாழ்ந்து 1837-இல் இறந்தாள், இருட்டுச் சீமாட்டி என்று ஊரில் பெயர். அவள்தான் அசல், வியன்னா போனவள் கூட வளர்ந்த தோழி என்று கதை கட்டினார்கள். 2013-இல் கல்லறையைத் திறந்து எலும்பை எடுத்து மரபணு சோதித்தார்கள், மேரி அன்டாய்னெட்டின் வம்சத்தோடு பொருந்தவில்லை என்று 2014-இல் முடிவு வந்தது. கதை முடிந்தது, யூடியூபில் மட்டும் முடியவில்லை.

தம்பி விஷயம் இதைவிட மோசம். நான்தான் சிறையிலிருந்து தப்பிய லூயி ஷார்ல் என்று சொல்லிக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். நவுன்டார்ஃப் என்ற கடிகாரம் செய்பவர் அக்காவுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார், ஊரில் பலர் நம்பவும் நம்பினார்கள், அக்கா மட்டும் கடைசிவரை அவரைச் சந்திக்கச் சம்மதிக்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று திட்டினார்கள். சொல்ல வேண்டிய காலத்தில் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, சொன்ன பிறகு, அதுவும் பொய்யாக இருக்கலாம் என்று ஆயுள் முழுக்க ஒருத்தியை அலைக்கழித்தால் அவள் என்னதான் செய்வாள்? பையனின் உடலைப் பரிசோதித்த பெல்லெதான் என்ற மருத்துவர் இதயத்தை மட்டும் மறைத்து எடுத்து வைத்திருந்தார். அது பல கை மாறி, 2000-இல் மரபணுச் சோதனையில் மேரி அன்டாய்னெட்டின் வம்சம் என்று உறுதியாகி, 2004 ஜூன் 8-இல் சான் தெனி தேவாலயத்தில் பெற்றோர் அருகே வைக்கப்பட்டது. அக்காவின் முடிவு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கேள்வி: இந்திய அரச குடும்பங்களில் இப்படி யாராவது உண்டா?

மேவார் இளவரசி கிருஷ்ண குமாரி. முதலில் பேசிய ஜோத்பூர் மாப்பிள்ளை இறந்துபோக, ஜெய்ப்பூருக்குப் பேசினார்கள், ஜோத்பூரின் புது ராஜா எங்கள் சிம்மாசனத்துக்குப் பேசிய பெண் எங்களுக்குத்தான் என்று படை திரட்டினார். சண்டை வளர்ந்து மேவாரையே விழுங்கப் பார்த்தபோது, பெண்ணே இல்லாவிட்டால் சண்டையும் இருக்காது என்று முடிவு செய்து, 1810-இல் பதினாறு வயதில் அவளுக்கு விஷம் கொடுத்தார்கள். கொடுத்தது எதிரிகள் இல்லை, சொந்த அரண்மனை. அவளுக்குத் தனிக் கட்டுரை எழுத வேண்டும், அடுத்த மாதம் எழுதுகிறேன்.

கேள்வி: மரி தெரேஸின் கல்லறை பாரிஸில் எங்கே இருக்கிறது? அடுத்த மாதம் போகிறோம், பார்க்க ஆசை.

பாரிஸில் இல்லை. 1830-க்குப் பிறகு எடின்பரோ, பிராக், கொரீசியா என்று மறுபடி ஊர் ஊராகப் போய், கணவர் 1844-இல் இறந்த பின் வியன்னாவுக்கு அருகே ஃப்ரோஸ்டார்ஃப் மாளிகையில் இருந்தார், அங்கேதான் 1851 அக்டோபர் 19-இல் நிமோனியாவில் இறந்தார். அடக்கம் செய்தது கொஸ்தான்யெவித்சா மடத்தில், இப்போது ஸ்லோவேனியாவின் நோவா கொரீத்சா நகரம், இத்தாலி எல்லையை ஒட்டி. கணவரும் மாமனாரும் அங்கேயே இருக்கிறார்கள். டெம்பிள் கோபுரம் இருந்த இடம் பாரிஸில் இப்போது பூங்கா, அங்கே வேண்டுமானால் போய்வரலாம்.